தொலைக்காட்சியில் கார்ட்டூன் பாத்திரங்கள்: தொடக்க கால வரலாறு

கார்ட்டூன் பாத்திரங்கள் முதலில் திரையரங்குகளுக்காகவே உருவாக்கப்பட்டன. அவை தொலைக்காட்சிக்கு வந்தபோது பணமும் நேரமும் மிகக் குறைவாக இருந்தன. இன்று நாம் காணும் கார்ட்டூன் பாத்திரங்களின் தோற்றமும் பேச்சும் பெரும்பாலும் இந்தப் பற்றாக்குறையிலிருந்து பிறந்தவையாகும்.

பெலிக்ஸ் பூனை

1920களின் இறுதியில் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் நியூயார்க்கில் சோதனை ஒளிபரப்பு நடத்தியது. அதில் சுழல்மேடை மீது வைக்கப்பட்ட பெலிக்ஸ் பூனையின் காகிதக்கூழ் பொம்மை காட்டப்பட்டது. அப்போதைய படம் 60 கோடுகளால் மட்டுமே ஆனது. கறுப்பும் வெள்ளையுமான உருவம் அதில் தெளிவாகத் தெரிந்தது. கடும் விளக்குகளின் வெப்பத்தில் மனிதர் நெடுநேரம் நிற்பது கடினம். பொம்மைக்கு அந்தச் சிரமம் இல்லை.

தொலைக்காட்சிக்கென முதல் தொடர்

அலெக்ஸ் ஆண்டர்சன், ஜே வார்ட் ஆகிய இருவரும் உருவாக்கிய 'குரூசேடர் ராபிட்', தொலைக்காட்சிக்கென்றே தயாரிக்கப்பட்ட முதல் கார்ட்டூன் தொடராகக் கருதப்படுகிறது. 1949–50 காலத்தில் ஒளிபரப்பு தொடங்கிய இத்தொடரில் ஒரு முயலும் ஒரு புலியும் முதன்மைப் பாத்திரங்கள். ஓவியங்களைக் குறைத்து, கதை சொல்பவரின் குரலால் நிகழ்ச்சியை நகர்த்தினர். ஆயினும் 1950களில் திரையரங்குகளின் பழைய கார்ட்டூன்களே தொலைக்காட்சியில் மிகுதியாக இடம்பெற்றன. பாப்பாய் படங்கள் 1956இல் இவ்வாறு வந்தவையே.

ஹன்னாவும் பார்பெராவும்

'டாம் அண்ட் ஜெர்ரி'யை உருவாக்கி ஏழு ஆஸ்கர் விருதுகளைப் பெற்றுத் தந்தவர்கள் வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும். ஆனால் பழைய படங்களை மறுபடி வெளியிட்டாலே ஏறக்குறைய அதே வருவாய் கிடைக்கும் எனக் கணக்கிட்ட எம்.ஜி.எம். நிறுவனம், 1957இல் தன் கார்ட்டூன் பிரிவை மூடிவிட்டது. ஓவியர்கள் பலர் வேலை இழந்தனர். இருவரும் சொந்த நிறுவனம் தொடங்கி, அதே ஆண்டு டிசம்பரில் 'ரஃப் அண்ட் ரெடி' என்ற தொடரை அளித்தனர்.

டாம் அண்ட் ஜெர்ரி படம் ஒன்றுக்குச் சுமார் 40,000 டாலர் செலவானது. புதிய தொடரின் ஐந்து நிமிடப் பகுதிக்குக் கிடைத்ததோ சுமார் 3,000 டாலர். நொடிக்கு 24 சட்டகங்கள் வீதம் ஏழு நிமிடப் படத்திற்கு 10,080 சட்டகங்கள் தேவை. ஓர் ஓவியத்தை இரண்டு சட்டகங்களுக்குப் பயன்படுத்தினாலும் ஐயாயிரம் ஓவியங்கள் வேண்டும். புதிய தொகைக்கு அது இயலாத காரியம்.

கழுத்துப்பட்டையின் பயன்

எனவே அசையும் பகுதியை மட்டும் புதிதாக வரையும் முறை கையாளப்பட்டது. 1958இல் 'ஹக்கிள்பெரி ஹவுண்ட்' நிகழ்ச்சியில் அறிமுகமான யோகி கரடி, கழுத்தில் காலரும் டையும் அணிந்திருக்கும். அந்தக் காலர், தலையையும் உடலையும் தனித்தனித் தாள்களில் வரையும்போது இணைப்பை மறைத்தது. உடல் அசையாதிருக்க, தலையும் வாயும் மட்டும் அசையும். அசைவு குறைந்ததால் பேச்சு முக்கியமானது. டாஸ் பட்லர் போன்ற குரல் கலைஞர்கள் பாத்திரங்களுக்குத் தனித்தன்மை தந்தனர். மூத்த இயக்குநர் சக் ஜோன்ஸ் இத்தகைய கார்ட்டூன்களைப் படம் சேர்த்த வானொலி என்று குறை கூறினார். எனினும் ஹக்கிள்பெரி ஹவுண்ட் நிகழ்ச்சி 1960இல் எம்மி விருது பெற்றது. அதே ஆண்டு பெரியவர்களையும் கருத்தில் கொண்டு 'பிளின்ட்ஸ்டோன்ஸ்' மாலை நேரத் தொடராகத் தொடங்கி, 1966 வரை நீடித்தது.

ஜப்பானில்

1963 ஜனவரி 1 அன்று ஒசாமு தெசுகாவின் 'ஆஸ்ட்ரோ பாய்' வாராந்திர அரைமணி நேரத் தொடராக ஜப்பானில் தொடங்கியது. ஒருமுறை வரைந்த ஓவியங்களைச் சேமித்து, மீண்டும் மீண்டும் பயன்படுத்தியே வாரந்தோறும் புதிய கதையை அளிக்க முடிந்தது. ஜப்பானிய அனிமே தொலைக்காட்சித் தொடர்களுக்கு அது வழிகாட்டியது.

இன்று கணினியில் உருவாகும் இருபரிமாணத் தொடர்கள் பலவற்றிலும் தலை, கை, வாய் ஆகியவை தனித்தனிப் பகுதிகளாகவே அமைக்கப்படுகின்றன. யோகியின் காலர் கற்பித்த முறையே இதற்கும் அடிப்படை.