அமெச்சூர் சாலை ஓட்டமும் மலைப்பாதை ஓட்டமும்

ஊதியத்துக்காகவோ அரசுப் பணிக்கான தகுதிக்காகவோ அல்லாமல், தம் விருப்பத்தின் பேரில் பொது ஓட்டப்போட்டிகளில் பங்கேற்பவர் அமெச்சூர் ஓட்டக்காரர் எனப்படுகிறார். 5 கி.மீ., 10 கி.மீ., அரை மாரத்தான் (21.0975 கி.மீ.), முழு மாரத்தான் (42.195 கி.மீ.) ஆகியவை இவர்கள் ஓடும் வழக்கமான தொலைவுகள். மாரத்தானைவிட நீண்டவை அல்ட்ரா மாரத்தான் எனவும், காடு, மலை, தோட்டத்து மண்பாதைகளில் நடப்பவை மலைப்பாதை ஓட்டம் எனவும் அழைக்கப்படுகின்றன. தமிழ்நாட்டில் இது பெருநகரங்களில் தொடங்கிப் பிற ஊர்களுக்கும் பரவிய பழக்கம். சேலம் நகரின் செவ்வாய்ப்பேட்டை போன்ற ஒரு வணிகப் பகுதியில் வாழ்பவருக்குத் தட்டையான நகரச் சாலையும் ஏற்காட்டு மலைச்சாலையும் ஒரே நாளில் எட்டும் தொலைவில் உள்ளன.

பெயரும் அதன் பின்னணியும்

அமெச்சூர் என்னும் சொல் 'நேசிப்பவர்' என்ற பொருள் கொண்ட இலத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு மொழி வழியாக வந்தது. ஆனால் 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இச்சொல் ஆட்களை விலக்கி வைக்கவே பயன்பட்டது. 1866இல் இலண்டனில் தொடங்கப்பட்ட அமெச்சூர் தடகளக் கழகத்தின் விதி, பணத்துக்காகப் போட்டியிட்டவர்களை விலக்கியதோடு நிற்கவில்லை. கைவினைஞர், இயந்திரத் தொழிலாளி, கூலியாள் ஆகியோரையும் அது விலக்கியது. நாள் முழுவதும் உடலால் உழைப்பவர் ஓடுவது மற்றவர்களுக்கு நியாயமற்றது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். 1880இல் அமைந்த அமெச்சூர் தடகளச் சங்கம் இந்த வர்க்கத் தடையை நீக்கியது.

1896ஆம் ஆண்டு ஏதென்சில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கின் மாரத்தானை வென்ற ஸ்பிரிடோன் லூயிஸ், தண்ணீர் சுமந்து விற்றுப் பிழைத்த எளிய கிரேக்கர். பழைய விதி அங்கு செல்லுபடியாகியிருந்தால் அவர் தொடக்கக் கோட்டிலேயே நின்றிருக்க முடியாது. அன்று ஓடிய தொலைவு சுமார் 40 கி.மீ. இன்றைய 42.195 கி.மீ. 1908 இலண்டன் ஒலிம்பிக்கில் பயன்படுத்தப்பட்டு, 1921இல் உலக அளவில் உறுதி செய்யப்பட்டது.

இந்தியாவில் தொடக்கம்

இந்தியாவின் ஒலிம்பிக் வரலாறு வெறுங்கால் ஓட்டத்தோடு பின்னிப் பிணைந்தது. 1919இல் புனேயின் டெக்கான் ஜிம்கானா நடத்திய விளையாட்டு விழாவுக்குத் தொழிலதிபர் தோராப்ஜி டாடா தலைமை தாங்கினார். நீண்டதூர ஓட்டத்தில் கலந்துகொண்டவர்களுள் பலர் காலணி இல்லாத கிராமத்து உழவர்கள். முறையான பயிற்சி இல்லாமலேயே அவர்கள் காட்டிய நேரம் டாடாவை வியக்கச் செய்தது. அதன் தொடர்ச்சியாக 1920 ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்குக்கு இந்திய அணி ஒன்று அனுப்பப்பட்டது. அந்த அணியில் இருந்த பெல்காம் பகுதியின் பதேப்பா சௌகுலே மாரத்தானில் 19ஆவது இடம் பெற்றார்.

அதே 1920இல் சென்னையில் ஹாரி குரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, தென்னிந்தியப் பள்ளிகளுக்கு உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்கியது. பள்ளி விளையாட்டு விழா, குறுக்கோட்டம், மாவட்டப் போட்டி என்ற அமைப்பு இத்தகைய ஆசிரியர்களின் உழைப்பால் வேரூன்றியது. ஆனால் அது மாணவப் பருவத்தோடு முடிந்தது. பள்ளியை விட்டு வெளியேறியவர் காவல்துறை, இராணுவம், இரயில்வே ஆகியவற்றில் சேர்ந்தால் மட்டுமே ஓட்டத்தைத் தொடர முடிந்தது. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக் மாரத்தானில் 11ஆவதாக வந்த சிவ்நாத் சிங்கும் ஓர் இராணுவ வீரரே. 1978இல் ஜலந்தரில் அவர் ஓடிய 2 மணி 12 நிமிடம் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தேசியச் சாதனையாக நின்றது.

உலக அலை

வயது வந்த சாதாரண மக்கள் உடல்நலத்துக்காக ஓடும் வழக்கம் 1960களின் இறுதியில் வலுப்பெற்றது. அமெரிக்க மருத்துவர் கென்னத் கூப்பர் 1968இல் எழுதிய நூல் 'ஏரோபிக்ஸ்' என்னும் சொல்லைப் பரப்பியது. 1970இல் முதல் நியூயார்க் மாரத்தானில் 127 பேர் ஓடத் தொடங்கி 55 பேர் முடித்தனர். நுழைவுக் கட்டணம் ஒரு டாலர்.

பெண்களுக்கு இந்த வழி எளிதில் திறக்கவில்லை. 1967இல் பாஸ்டன் மாரத்தானில் எண் அட்டையுடன் ஓடிய கேத்ரின் சுவிட்சரை, போட்டி அலுவலர் ஒருவர் பாதையிலேயே பிடித்து வெளியேற்ற முயன்றார். அவர் ஓடி முடித்தார். அப்போட்டி 1972இல்தான் பெண்களை முறையாக ஏற்றது. ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான் 1984இல் இடம் பெற்றது. அடுத்த ஆண்டே இந்தியாவின் ஆஷா அகர்வால் ஹாங்காங் மாரத்தானை வென்றார்.

இந்தியாவில் புனே சர்வதேச மாரத்தான் 1983இலும், மும்பை மாரத்தான் 2004இலும் தொடங்கின. பின்னதுதான் அலுவலக ஊழியர், இல்லத்தரசி, ஓய்வு பெற்றவர் என எல்லோரையும் பெருந்திரளாகச் சாலைக்குக் கொண்டுவந்த போட்டி எனலாம்.

தமிழ்நாட்டில்

சென்னை ரன்னர்ஸ் என்னும் தன்னார்வக் குழு 2006இல் உருவானது. இக்குழுவின் முயற்சியில் வளர்ந்த சென்னை மாரத்தான், வெயில் தணிந்த சனவரி மாதத்தில் நடைபெறுகிறது. 2008இல் தொடங்கிய ஆரோவில் மாரத்தான் வேறு வகையானது. செம்மண் காட்டுப் பாதைகளில் நடக்கும் அதில் நேரக் கணக்கும் பரிசும் முக்கியமல்ல. கோயம்புத்தூர் மாரத்தான், புற்றுநோய் நோயாளிகளுக்கு உதவும் அறக்கட்டளைக்கு நிதி திரட்டும் நோக்கில் 2013இல் தொடங்கியது.

தமிழ்நாட்டின் பெயர் பெற்ற அமெச்சூர் ஓட்டக்காரர்களுள் ஒருவர் அரசியலாளர் மா. சுப்பிரமணியன். சாலை விபத்தில் முழங்காலில் காயமடைந்து மீண்ட பின், நடுத்தர வயதில் நீண்டதூர ஓட்டத்தைத் தொடங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை ஓடியவர். அவர் நலவாழ்வுத்துறை அமைச்சராக இருந்தபோது, 2023 நவம்பரில் மாவட்டம்தோறும் 8 கி.மீ. நடைபாதையை அடையாளம் காட்டும் 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டம் தொடங்கப்பட்டது.

செவ்வாய்ப்பேட்டையும் ஏற்காட்டுச் சாலையும்

செவ்வாய்க்கிழமைச் சந்தையால் பெயர் பெற்ற செவ்வாய்ப்பேட்டை, மொத்த வணிகத்துக்கும் வெள்ளிக் கொலுசுத் தொழிலுக்கும் அறியப்பட்டது. சேலம் மார்க்கெட் இரயில் நிலையமும் லீ பஜாரும் இப்பகுதியில் உள்ளன. விடிந்தபின் இங்கு ஓட இடமில்லை. சரக்கு லாரிகளும் மூட்டை வண்டிகளும் தெருவை நிறைத்துவிடும். கடை திறக்கும் முன், நாலரை மணி அளவில் கிடைக்கும் வெற்றுச் சாலைதான் ஓட்டக்காரரின் மைதானம். அங்கும் தெருநாய், மூடப்படாத சாக்கடை, விளக்கற்ற திருப்பம் ஆகியவற்றைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

வடக்கே அஸ்தம்பட்டி, கோரிமேடு வழியாக ஏற்காடு அடிவாரத்தை அடைந்தால் நிலைமை மாறுகிறது. சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் உள்ளது. சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. இடையே 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் வெப்பம் ஏறத்தாழ 0.65 பாகை குறையும் என்பது பொது விதி. அதன்படி மலை உச்சியில் நகரைவிட ஏறக்குறைய 8 பாகை குளிர்ச்சி கிடைக்கிறது. ஏறும்போது மூச்சும் இதயமும் சோதிக்கப்படுகின்றன. இறங்கும்போது தொடைத் தசை நீண்டபடியே உடல் எடையைத் தாங்குவதால் நுண்காயம் அடைகிறது. ஏற்றம் முடித்து மகிழ்ந்தவர் இரண்டு நாள் கழித்து வீட்டுப் படிக்கட்டில் இறங்க முடியாமல் தவிப்பதன் காரணம் இதுவே.

ஓட்டக்காரரின் அனுபவம்

புதியவர் பெரும்பாலும் 5 அல்லது 10 கி.மீ. ஓட்டத்தில் தொடங்குகிறார். முதல் நாள் எண் அட்டையும் சட்டையும் பெறுவது, அட்டையில் ஒட்டிய சில்லு நேரத்தைப் பதிவு செய்வது, இருட்டில் தொடக்கக் கோட்டில் கூடுவது, முடிவில் பதக்கம் அணிவது ஆகியவை எல்லாப் போட்டிகளுக்கும் பொதுவான சடங்குகள். கூட்டத்தின் வேகத்தில் இழுபட்டு முதல் இரண்டு கிலோமீட்டரை மிக விரைவாக ஓடிவிடுவது புதியவரின் பொதுவான பிழை.

முழு மாரத்தானில் 30 கி.மீ. கடந்தபின் வருவதை ஓட்டக்காரர்கள் 'சுவர்' என்பர். தசையிலும் கல்லீரலிலும் சேமித்த கிளைக்கோஜன் தீர்ந்து, உடல் மெதுவாக எரியும் கொழுப்பை நம்ப வேண்டிய கட்டம் அது. கால்கள் கனக்கும், கணக்குத் தப்பும், ஓட்டத்தை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வரும். வாரக்கணக்கான நீண்ட ஓட்டப் பயிற்சியும், வழியில் வாழைப்பழம் போன்ற மாவுச்சத்து உணவும் இதைத் தள்ளிப்போட உதவுகின்றன.

மலைப்பாதையில் நேரத்தைச் சாலையோடு ஒப்பிட முடியாது. சேர்வராயன் மலையில் 19ஆம் நூற்றாண்டின் முதற்பகுதியில், மாவட்ட ஆட்சியர் காக்பர்ன் காலத்தில் காப்பிப் பயிர் அறிமுகமானது. அதன்பின் பெருகிய தோட்டப் பாதைகளும் அவற்றுக்கு முந்தைய மலைக்கிராமத்து ஒற்றையடிப் பாதைகளும் இன்றும் பயன்பாட்டில் உள்ளன. சரளைக்கல், வேர், ஈரப்பாறை, காட்டெருமை ஆகியவற்றால் இங்கு கண் எப்போதும் தரையிலும் காது காட்டிலும் இருக்க வேண்டும். வேகமாக நடப்பதும் இங்கு ஓட்டத்தின் ஒரு பகுதியே.

ஆபத்துகளும் பொறுப்பும்

ஓட்டம் எல்லா நோய்க்கும் காப்பு என்ற நம்பிக்கை ஆபத்தானது. அமெரிக்காவில் ஓட்டத்தைப் பரப்பிய நூலாசிரியர் ஜிம் ஃபிக்ஸ், 1984இல் தம் 52ஆம் வயதில் ஓட்டத்தின்போது மாரடைப்பால் இறந்தார். அவருடைய இதயத் தமனிகளில் கடும் அடைப்பு இருந்தது பின்னர் தெரிந்தது. குடும்பத்தில் இதயநோய் உள்ளவர், நெஞ்சுவலியோ மயக்கமோ கண்டவர் மருத்துவரைக் காணாமல் போட்டியில் இறங்கக் கூடாது. காய்ச்சலோடு ஓடுவதும் அத்தகைய தவறே. வெப்பத்தில் தண்ணீர் குறைவது போலவே, உப்பின்றித் தண்ணீரை மட்டும் அளவின்றிக் குடிப்பதும் இரத்தச் சோடியத்தைக் குறைத்து உயிருக்கு ஆபத்தாகலாம்.

மலைப்போட்டிகளில் ஏற்பாட்டாளரின் பொறுப்பு இன்னும் பெரிது. 2021 மே 22இல் சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்த 100 கி.மீ. மலை ஓட்டத்தில் 172 பேர் கலந்துகொண்டனர். திடீரென வீசிய உறைகாற்றிலும் ஆலங்கட்டி மழையிலும் 21 பேர் இறந்தனர். பலர் அரைக்கால் சட்டையும் மெல்லிய மேலாடையுமாக இருந்தனர். குகையில் ஒதுங்கியிருந்த ஆடு மேய்ப்பவர் ஒருவர் ஆறு பேரைக் காப்பாற்றினார். அவர் அந்த மலையின் வானிலையை அறிந்தவர்.

தமிழ்நாட்டில் 2018 மார்ச் 11இல் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் ஏற்பட்ட காட்டுத்தீயில் மலையேற்றம் சென்ற 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன்பின் அரசு மலையேற்றத்துக்கான ஒழுங்குமுறை விதிகளை வகுத்தது. 2024இல் வனத்துறை 14 மாவட்டங்களில் 40 மலையேற்ற வழிகளை வழிகாட்டிகளுடன் திறந்தது. சேலமும் அவற்றுள் ஒன்று. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி ஓடுவது சட்டப்படி குற்றம். கோடையில் அது தற்கொலைக்கு ஒப்பானதும் ஆகும்.

யாருக்கான ஓட்டம்

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வயது வந்தோருக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கமோ, 75 முதல் 150 நிமிடம் கடுமையான உடலியக்கமோ தேவை. இதற்குப் பதக்கமோ விலையுயர்ந்த காலணியோ வேண்டியதில்லை. ஆயினும் இன்றைய போட்டிகளின் நுழைவுக் கட்டணம், பயணம், காலணி ஆகிய மூன்றும் சேர்ந்தால் ஒரு கூலித் தொழிலாளியின் பல நாள் ஊதியத்தை எட்டிவிடும். 1866இன் விதி தொழிலாளியைப் பெயர் சொல்லி விலக்கியது. இன்றைய கட்டணம் பெயர் சொல்லாமல் அதையே செய்கிறது. காலையில் மூட்டை தூக்குபவரும், நாள் முழுதும் குனிந்தமர்ந்து கொலுசுக்குப் பற்றவைப்பவரும் வாழும் செவ்வாய்ப்பேட்டை போன்ற இடத்தில் இந்தக் கேள்வி தவிர்க்க முடியாதது.

குனிந்தமர்ந்து வேலை செய்பவருக்கு ஓட்டத்தின் தேவை மற்றவரைவிட அதிகம். உள்ளூர் மக்களுக்குக் கட்டணமில்லா ஓட்டப் பிரிவு, நகராட்சி மைதானங்களில் விடியற்காலை விளக்கு, பெண்கள் அச்சமின்றி ஓடத்தக்க பாதை, ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர்களின் வழிகாட்டல் ஆகியவை பெருஞ்செலவு வேண்டாதவை. 1919இல் புனே மைதானத்தில் வெறுங்காலோடு ஓடிய உழவர்களை ஒருவர் நின்று கவனித்ததால்தான் இந்தியா ஒலிம்பிக் களத்துக்குச் சென்றது. அவர்களைத் தொடக்கக் கோட்டுக்கு வரவிட்டவர்களுக்கும் அந்த வரலாற்றில் பங்குண்டு.