கல்லீரல் புற்றுநோய்

கல்லீரலிலேயே தோன்றி வளரும் தீய கட்டி. பிற அவயவங்களிலிருந்து அங்குப் பரவியது இதில் சேராது. 2022இல் உலகெங்கும் ஏறத்தாழ 8.66 லட்சம் பேருக்குப் புதிதாகக் கண்டறியப்பட்ட இவ்வியாதிக்கு, ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்களும், மதுபானமும், பூஞ்சை பிடித்த நிலக்கடலை, சோளம் ஆகியவற்றில் உண்டாகும் அஃப்லடாக்சின் என்னும் விஷமும் பிரதான காரணங்களாம். 1984இல் தைவான் தொடங்கிய ஹெபடைடிஸ் பி சிசுத் தடுப்பூசித் திட்டம் பிற தேசங்களிலும் பரவியதனால் அவ்வைரஸின் பங்கு குறைந்துவர, உடற்பருமனும் நீரிழிவும் சார்ந்த கொழுப்புக் கல்லீரலின் பங்கு பெருகிவருகிறது.

பி வைரஸைக் கண்டறிந்த பாரூக் பிளம்பர்க்குடன் இணைந்து, சென்னைப் பல்கலைக்கழகத்துத் தியாகராஜன் குழுவினர், மஞ்சட்காமாலைக்கு நம் மக்கள் தொன்றுதொட்டு உண்டுவந்த கீழாநெல்லியைச் சோதித்து 1988இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வு பெருநம்பிக்கை அளித்ததாயினும், பிற்காலச் சோதனைகள் அதனை உறுதிப்படுத்தவில்லை; ஆதலின் மூலிகையை நம்பித் தடுப்பூசியைத் தவிர்த்தல் தகாது. பி வைரஸ் தடுப்பு மருந்தையும் உள்ளடக்கிய ஐந்நோய்த் தடுப்பூசி இந்தியாவில் 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் முதலில் அறிமுகமாயிற்று. அதற்கு நெடுநாள் முன்னரே பிறந்து, சிசுப்பருவத்தில் அத்தடுப்பூசி பெறாதவர்களான வடசென்னையின் காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர்ப் பகுதி உழைப்பாளர்க்கு பி வைரஸுக்கான இரத்தப் பரிசோதனை மிகவும் அவசியம். கல்லீரல் இறுகிச் சுருங்கியோர், அண்மையிலுள்ள ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனைகளில் ஆறு மாதத்துக்கொரு முறை ஸ்கேன் செய்துகொள்ளல் வேண்டும்.