வழுக்கும் தரைக்கும் ஒரு வரலாறு உண்டு

வரலாறு என்றாலே ராஜாவும் போரும்தானா என்று வகுப்பில் ஒருவன் அலுத்துக்கொண்டான். அவனுக்காக இந்த முறை தரையின் வரலாறு. சிரிக்காதீர்கள்.

எங்கள் தெரு அண்ணன் ஒருவர் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் வேலை செய்தார். சில வருடங்களுக்கு முன் ஈரத்துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும்போது வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். பார்க்க வந்த எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "பாத்து நடக்கக் கூடாதா சாமி?" அவரும் அது தன் தவறு என்றே நம்பினார். நிஜமாகவே யார் தவறு என்று தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை பிறந்தது.

பனியன் தொழிலில் தரை வழுக்குவதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. நிட்டிங் மிஷினுக்கு அடியில் ஊசி எண்ணெய் சொட்டும், அதன் மேல் பஞ்சு படியும். கட்டிங் டேபிளுக்குக் கீழே துண்டுத்துணி காலைச் சுற்றும். (ஊரெல்லாம் மெக்கானிக் ஷெட்டில் எண்ணெய் துடைப்பது இந்த பனியன் வேஸ்ட்டை வைத்துத்தான்.) ஆனால் சாயப்பட்டறைதான் மோசம். வின்ச் தொட்டியிலிருந்து துணியை இழுக்கும்போது சோப்பும் காஸ்டிக் சோடாவும் சாஃப்ட்னரும் கலந்த தண்ணீர் தரையெல்லாம் ஓடும். அதன் மேல் ரப்பர் செருப்போடு நடை. மூடிய சாஃப்ட் ஃப்ளோ மிஷின்கள் வந்த இடங்களில் இது குறைந்தது.

இனி சட்டத்துக்கு வருவோம். 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 11-வது பிரிவு, வேலையால் ஈரமாகும் தரைக்குத் தண்ணீர் வடிய வழி வேண்டும் என்றது. 32-வது பிரிவு, தரையும் படியும் நடைவழியும் உறுதியாகக் கட்டப்பட்டு முறையாகப் பராமரிக்கப்பட வேண்டும் என்றது. இந்த இரண்டாவது வாசகம் இங்கிலாந்தின் 1937 சட்டத்தில் இருந்தது போன்றதே. வழுக்கல் என்ற பேச்சே அதில் இல்லை!

அதனால் என்ன என்கிறீர்களா? 1950-இல் லண்டனை அடுத்த சவுத்தாலில், பஸ் தயாரித்த ஏ.இ.சி. தொழிற்சாலைக்குள் பெருமழை வெள்ளம் புகுந்து எண்ணெயோடு கலந்தது. நிர்வாகம் கையிலிருந்த மரத்தூளை எல்லாம் கொட்டியது; எல்லா இடத்துக்கும் போதவில்லை. தூள் விழாத இடத்தில் ஒரு தொழிலாளி வழுக்கி விழ, அவர் ஏற்றிக்கொண்டிருந்த பீப்பாய் அவர் கணுக்காலை நசுக்கியது. வழக்கு பிரபுக்கள் சபை வரை போனது. 1953-இல் அவர் தோற்றார். தரை நல்ல தரைதான், தற்காலிகமாக வழுக்கியதற்காக அது பராமரிக்கப்படவில்லை என்று சொல்ல முடியாது என்பது தீர்ப்பு. எனக்கு இன்றும் இது நியாயமாகப் படவில்லை.

பின்னர் இங்கிலாந்தின் 1961 சட்டத்தில் தடங்கலும் வழுக்கச் செய்யும் பொருளும் இல்லாமல் தரையை வைத்திருக்க வேண்டும் என்ற வாசகம் இருந்தது. நம் 32-வது பிரிவில் அது நுழைந்தது 1976-இல். அதாவது "பார்த்து நட" என்று தொழிலாளியிடம் சொல்வதற்கு முன், "துடைத்து வை" என்று முதலாளியிடம் சொல்லச் சட்டத்துக்கு அத்தனை காலம் பிடித்தது.

ஆனால் மோட்டார் ஓடும் இடத்தில் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் அந்தச் சட்டப்படி அது தொழிற்சாலை. திருப்பூரின் ஜாப் ஒர்க் கூடங்கள் பலவற்றில் அத்தனை பேர் கிடையாது. 2025 நவம்பர் 21-இல் பழைய சட்டத்துக்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த தொகுப்புச் சட்டம் அந்த எண்ணிக்கையை இருபதாக்கிவிட்டது.

இன்னொரு விஷயமும் உறுத்துகிறது. சாயத்தண்ணீர் நொய்யலில் கலந்ததற்காக 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளையே மூடச் சொன்னது, ஊரே ஸ்தம்பித்தது. அதே தண்ணீர் பட்டறைக்குள் தரையில் கிடந்தபோது யாரும் பேசியதாக என் நினைவில் இல்லை.

இந்த 1976 கதையை அண்ணனிடம் சொன்னேன். கையைத் தேய்த்தபடி கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு சொன்னார்: "அன்னைக்கு அந்தச் சாக்கடை பஞ்சு அடைச்சுக் கெடந்துச்சு தம்பி. ரெண்டு நாளாச் சொல்லிட்டுத்தான் இருந்தோம்."