தட்டிப் பார்க்க ஆள் இல்லாத வியாபாரம்

அப்பா வெண்கலத்தைக் காதால் வாங்குவார். குத்துவிளக்கோ உருளியோ, தரையில் இருக்கும்போது ஒரு அபிப்பிராயமும் சொல்லமாட்டார். ஒரு கையால் தூக்கித் தொங்கவிட்டு, மறுகையின் நடுவிரலை மடக்கி ஒரு தட்டு. சத்தம் இழுத்துக்கொண்டு போய் மெள்ள ஓய்ந்தால் சாமான் முழுசு. பாதியில் கம்மி நின்றுவிட்டால் எங்கோ கீறல் ஓடியிருக்கிறது. பற்றவைத்து, ராவி, புளி போட்டு விளக்கிக் கண்ணுக்கு மறைத்திருக்கலாம். காதுக்கு மறைக்க முடியாது. விற்கிற ஆச்சி ஒரு பக்கம், வாங்குகிற கடைக்காரர் ஒரு பக்கம், நடுவில் இவர். அப்படித் தட்டிக் காட்டுவதற்குத்தான் இவருக்குத் தரகு.

அப்பாவுக்குக் கடை கிடையாது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் வரிசையாக இருக்கும் பழம்பொருள் கடைகளுக்கும் சுற்றுவட்டாரத்துப் பெரிய வீடுகளுக்கும் நடுவே நடந்தே பிழைத்தவர். நான் அதே சாமான்களைப் போனில் படம் எடுத்து விற்கிறேன். புனே, பெங்களூர், கொச்சி என்று போகிறது. போன பிறகு வருகிற செய்திகளில் பாதி ஒரே ரகம்: "நீங்க சொன்னது ஒண்ணு, வந்தது ஒண்ணு." ஆன்லைன் வந்த பிறகு ஏமாற்று பெருகிவிட்டது என்று தெருவில் பொதுவாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஏமாற்று அன்றைக்கும் இருந்தது, அழகாகவே இருந்தது. இன்றைக்கு இல்லாமல் போனது நடுவில் நின்ற ஆள்.

இந்தச் சாமான்கள் எங்கிருந்து வந்தன என்பதைச் சொன்னால்தான் சண்டையின் வேர் புரியும். 1852இல் கீழ் பர்மா பிரிட்டிஷார் கைக்குப் போனது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. பர்மா நெல்லுக்கு உலகச் சந்தை கிடைத்தது, நெல் விளைவிக்கக் கடன் கொடுக்க நகரத்தார் என்கிற செட்டியார்கள் போனார்கள். இலங்கை, மலாயா, சைகோன் என்று கொண்டுவிற்ற பணமெல்லாம் வீடாகவும் சீராகவும் செட்டிநாட்டுக்குத் திரும்பியது. பர்மா தேக்கில் தூண், பெல்ஜியம் கண்ணாடி, ஜப்பான் ஓடு, ஸ்வீடனிலிருந்து எனாமல் தூக்கு. கல்யாணத்தில் சாமான் பரப்பும்போது ஒரே மாதிரி வாளி டஜன் கணக்கில் வரிசையாக நிற்கும். அத்தனையையும் ஒரு குடும்பம் எந்தக் காலத்தில் புழங்கும்? பரப்பிய கையோடு அறைக்குள் வைத்துப் பூட்டியதுதான், நாற்பது ஐம்பது வருஷம் அடுப்பு முகமே பார்க்காமல் கிடந்தன. இதனால்தான் எங்கள் ஊர்ப் பழஞ்சாமானுக்குத் தனிப் பெயர்: பழசு, ஆனால் புழங்காதது. இந்த ஒரு வார்த்தைக்காகவே விலை கூடியது. பொய் நுழைந்ததும் இந்த வார்த்தை வழியாகத்தான்.

1930இல் நெல் விலை சரிந்தது. கடன் வாங்கிய பர்மாக்காரர்களால் பணத்தைத் திருப்ப முடியவில்லை, நிலத்தைக் கொடுத்தார்கள். பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 6 சதவீதம். 1938இல் 25 சதவீதம். விற்று வெளியேற முடியாத சொத்து அது. 1942இல் ஜப்பான் படை வந்தபோது உயிர் தப்ப நடந்தே வந்தவர்கள் உண்டு. 1948இல் நில தேசியமயச் சட்டம், 1963இல் வங்கிகளும் போயின. வந்து சேர்ந்தவர்களுக்கு வீடு இருந்தது, வெள்ளையடிக்கப் பணம் இல்லை. பங்காளிகள் பெருகி ஒரே வீட்டுக்கு இருபது முப்பது புள்ளி, அதாவது தனிக் குடும்பம், பாத்தியதை ஆனபோது, பிரிக்க முடியாத வீட்டை விட்டுவிட்டுப் பிரிக்க முடிந்த சாமானைப் பிரித்தார்கள். தெருவுக்குச் சரக்கு வந்தது இப்படி.

வந்த விதத்தையும் சொல்ல வேண்டும். சீர்ச் சாமானை விற்பது கௌரவக் குறைச்சல். எனவே கடைக்காரர் வாசலுக்கு வரக் கூடாது, தரகர்தான் வரலாம். அதுவும் தெரு விழிக்கும் முன்னே, பின்கட்டு வழியாக. பாத்திரங்களில் குடும்ப விலாசம் வெட்டியிருக்கும்: முதல் எழுத்துகள், புள்ளிகள், சில சமயம் ஊர்ப் பெயர். சில வீடுகளில் அதை அரத்தால் தேய்த்த பிறகே வெளியே விடுவார்கள். அப்படித் தேய்த்த இடம் இன்றைக்கும் அண்டாவின் தோள்பட்டையில் மங்கலாக ஒரு விரல் நீளத்துக்குத் தெரியும். அப்பா காலத்தில் அதைக் குறை என்று யாரும் சொன்னதில்லை. கடைக்காரருக்குக் காரணம் தெரியும், கேட்கமாட்டார். இன்றைக்குப் படத்தில் அதைப் பார்க்கிற டெல்லிக்காரர் 'டேமேஜ்' என்று வட்டம் போட்டு அனுப்புகிறார். விலாசம் தேய்க்காமல் இருந்தால் வேறொருவர் 'யார் பெயரோ கிறுக்கியிருக்கிறது' என்கிறார்.

அப்பாவிடம் ஒரு கட்டு இருந்தது. சாமானைக் கடையில் இறக்கியதும் பணம் வாங்கமாட்டார். "ராத்திரி உங்ககிட்ட இருக்கட்டும். விடிஞ்சதும் சொல்லுங்க. அதுக்கப்புறம் சொன்னா நான் கேக்கமாட்டேன்" என்பார். அந்த ஒரு ராத்திரியில் கடைக்காரர் தண்ணீர் ஊற்றி ஒழுகுகிறதா பார்க்கலாம், உரசிப் பார்க்கலாம், இன்னொருவரைக் கூப்பிட்டும் காட்டலாம். காலையில் குறை சொன்னால் அப்பாவே தலையில் சுமந்துகொண்டு ஆச்சி வீட்டுக்குத் திரும்புவார், தரகு கிடையாது. அவர் அர்த்தசாஸ்திரம் படித்தவர் அல்ல. ஆனால் அதில் விற்பனையிலிருந்து பின்வாங்குவதற்கு வியாபாரிக்கு ஒரு ராத்திரி, உழவருக்கு மூன்று, மாடு மேய்ப்பவருக்கு ஐந்து என்று கெடு போட்டிருக்கிறது. மாட்டின் குணம் ஒரு ராத்திரியில் தெரியாது, வெண்கலத்தின் குணம் தெரிந்துவிடும். கெடு போட்டவர் சந்தைக்குப் போய்ப் பழகியவராகத்தான் இருக்க வேண்டும்.

பர்மா நெல் சரிந்த அதே 1930இல் இங்கே சரக்கு விற்பனைச் சட்டம் வந்தது. வர்ணித்து விற்றால் வர்ணனைக்குச் சரக்கு ஒத்திருக்க வேண்டும் என்கிறது அதன் 15ஆம் பிரிவு. 16ஆம் பிரிவு அடுத்த பக்கத்தைச் சொல்கிறது: வாங்குபவர் சோதித்துப் பார்த்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்குப் பிறகு வழக்காட முடியாது. அப்பாவின் விரல் மடக்கு இந்த இரண்டாவது பிரிவில் வாழ்ந்தது. என் வியாபாரம் முழுக்க முதலாவதில்.

தொடாமல் வாங்குவதும் நேற்று வந்த பழக்கம் அல்ல. வி.பி.பி. எனும் தபால் ஏற்பாடு இந்தியாவில் 1877இலேயே தொடங்கிவிட்டது. பணத்தைக் கட்டிய பிறகுதான் தபால்காரர் பார்சலைக் கையில் கொடுப்பார். உள்ளே கடிகாரமா கல்லா என்பது அப்புறம். இன்றைக்கு 'கேஷ் ஆன் டெலிவரி' என்று புதுசாகப் பேசுகிறவர்களுக்குத் தாத்தா அது. ரயிலிலும் இரண்டு கட்டணம் வைத்திருந்தார்கள், உடைந்தால் ரயில்வே பொறுப்பு என்று ஒன்று, சொந்தக்காரர் பொறுப்பு என்று மலிவாக இன்னொன்று. கடைக்காரர்கள் மலிவானதைப் போட்டுவிட்டு வைக்கோலைக் கூடுதலாகத் திணிப்பார்கள்.

இணையத்தில் பழம்பொருள் விற்பனை என்றாலே நினைவுக்கு வரும் ஈபே, 1995இல் விற்ற முதல் பொருள் உடைந்துபோன லேசர் பேனா. விலை 14.83 டாலர். 'உடைந்தது என்று தெரியுமா?' என்று நிறுவனர் பியர் ஒமிட்யார் கேட்க, 'உடைந்ததைச் சேர்ப்பதுதான் என் பழக்கம்' என்று வாங்கியவர் சொன்னதாக அந்த நிறுவனமே சொல்லிக்கொள்ளும் கதை. குறையைச் சொல்லி விற்றதுதான் அந்த வியாபாரத்துக்குப் பிள்ளையார் சுழி! இந்தியாவில் பாஜி டாட் காம் என்ற தளத்தை 2004இல் வாங்கி ஈபே உள்ளே வந்தது. பைசாபே என்று ஒரு ஏற்பாடு. வாங்குபவர் கட்டிய பணத்தைத் தளம் பிடித்து வைத்திருந்து பிறகு விற்றவருக்கு விடும். அப்பாவின் ராத்திரிக் கெடுவைக் கம்ப்யூட்டர் செய்தது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் நடுவில் இருந்தது பணம் மட்டும்தான், சாமானைத் தொட்ட கை இல்லை. 2018 ஆகஸ்டில் அந்த இந்தியத் தளமும் மூடியது. இப்போது எங்கள் தெருவில் பெரும்பாலும் வாட்ஸாப் குழுவும் இன்ஸ்டாகிராமும்தான். அங்கே நடுவில் எதுவுமே இல்லை.

போன வருஷத்துச் சங்கதி ஒன்று. மூன்றடுக்கு எனாமல் தூக்கு, வெளியே நீலம், உள்ளே வெள்ளை, அடியில் ஸ்வீடன் முத்திரை. மூடி விளிம்பில் மிளகளவு சில்லு பேந்திருந்தது. அதைத் தனியாகப் படம் எடுத்து, எழுதியும் போட்டுத்தான் பெங்களூருக்கு விற்றேன். பெட்டியைப் பிரித்த அம்மாள் நடு அடுக்கில் இன்னொரு சில்லைக் காட்டி, மறைத்து விற்றதாக எழுதினார். "அம்மா, வெளிச்சத்துல பிடிச்சு ரெண்டு சில்லையும் கிட்டக்க எடுத்து அனுப்புங்க" என்றேன். பழைய சில்லின் அடியில் இரும்பு கறுத்துத் துருவேறியிருக்கும். புதுச் சில்லின் அடியில் வெள்ளி மாதிரி மின்னும், விரலால் தடவினால் ஓரம் கீறும். மூடியில் இருந்தது கறுப்பு. நடு அடுக்கில் மின்னல். வழியில் விழுந்தது. அவருக்கு அது புரிந்தது, ஆனால் அவர் கேட்டதும் நியாயம்தான்: "எங்க உடைஞ்சா எனக்கென்னங்க? என் கைக்கு வந்தது உடைஞ்சதுதானே." கூரியர்காரர் ரசீதின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் காட்டினார். மூன்றில் ஒரு பங்கு விலையை நான் திருப்பினேன், தூக்கு அவரிடமே இருக்கிறது.

இன்னொரு ரகச் சண்டைக்குத் தீர்வே கிடையாது. களிம்பேறிய செம்பை வெளிநாட்டுப் பழக்கமுள்ளவர்கள் அப்படியே வேண்டும் என்பார்கள், விளக்கினால் பாதி விலை. நம் வீட்டுப் பெண்களுக்கு அதே களிம்பு அழுக்கு. ஒரே படம், ஒரே வார்த்தை, இரண்டு பேருக்கு இரண்டு நிலை. இப்போது விளக்கிய பாதி, விளக்காத பாதி என்று ஒரே செம்பில் காட்டிப் படம் போடுகிற கடை உண்டு. பார்க்க அசிங்கம், பலன் உண்டு.

வயது வேறு வம்பு. தொல்பொருள், கலைப்பொருள் சட்டம் 1972இல் இயற்றப்பட்டு 1976 ஏப்ரல் 5 முதல் நடப்பில் இருக்கிறது. நூறு வருஷம் கடந்த கைவினைப் பொருள் அதன்படி தொல்பொருள். விற்க உரிமம் வேண்டும், நாட்டைவிட்டு அனுப்பத் தனியாருக்கு அனுமதி இல்லை. ஆனால் படத்துக்குக் கீழே '150 வருடப் பழமை' என்று போட்டால்தான் விற்கிறது. போடுகிறவர்களில் பாதிப் பேருக்கு அது ஒரு அலங்கார வாக்கியம். உண்மையானால் சட்டத்தில் மாட்டுவார், பொய்யானால் வாங்கியவரிடம் மாட்டுவார். ரவிவர்மா படங்களில் இது அதிகம். ஜரிகை ஒட்டிய பழைய அச்சுக்கும் பின்னால் வந்த மறு அச்சுக்கும் உள்ள வித்தியாசம் போன் திரையில் தெரியாது, தாளைப் புரட்டிப் பின்பக்கத்தை மோந்து பார்க்க வேண்டும்.

'நோ ரிட்டர்ன், நோ எக்ஸ்சேஞ்ச், ஓப்பனிங் வீடியோ கட்டாயம்' என்று எல்லோரும் எழுதிப் போடுகிறார்கள். அந்த வீடியோ உதவும், மறுக்கவில்லை. ஆனால் எழுதிப் போட்டால் தீர்ந்தது என்ற நினைப்பு தப்பு. 2019 நுகர்வோர் சட்டத்தின்படி, பில்லில் கெடு குறிக்காவிட்டால் 30 நாளுக்குள் குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். 2020 இணைய வணிக விதிகளும், விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்கின்றன. எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் ஊர். 1986 சட்டத்தில் வழக்கு பெரும்பாலும் விற்றவர் இருக்கும் ஊரில், அல்லது விவகாரம் எழுந்த ஊரில். இப்போது வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். ஆயிரத்து இருநூறு ரூபாய்க் கெண்டிக்காகக் காரைக்குடிக்காரர் குர்கானில் பதில் சொல்ல வேண்டி வரலாம்.

இந்தப் பயத்தில்தான் தரகு திரும்ப முளைக்கிறது. கோட்டையூர்ப் பெண் ஒருத்தி, பி.காம். முடித்தவள், வெளியூர்க்காரர்களுக்காகச் சாமான் பார்த்துச் சொல்கிறாள். பெண் பார்க்க வந்த மாமியார் போல அங்குலம் அங்குலமாகப் பார்க்கிறாள். டார்ச் அடித்து, தராசில் வைத்து, தண்ணீர் ஊற்றி, வீடியோ கால் போட்டுத் தட்டியும் காட்டுகிறாள். கூலியை வாங்குகிறவர் தருகிறார். "கீறல் இருந்து நீ பாக்காம விட்டா என்னம்மா செய்வ?" என்று கேட்டேன். "கூலியத் திருப்பிக் குடுத்துருவேன் அண்ணே, சாமான் விலைக்கு நான் பொறுப்பில்ல. அத முதல்லயே வாய்ஸ் மெசேஜ்ல சொல்லிருவேன்" என்றாள். அவள் பார்வைக்கு அனுப்புவதென்றால் நான் விலையில் ஐந்து சதவீதம் குறைத்துக்கொள்கிறேன். தெருவில் சிலருக்கு இது பிடிக்கவில்லை, அவளைக் கடைக்குள் விடுவதில்லை.