அவிநாசியில் இருண்ட காலை

2019ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலையில் வெள்ளகோவிலில் பாதிப்பேர் தெருவிலும் பாதிப்பேர் கதவடைத்த வீட்டுக்குள்ளும் இருந்தார்கள். கங்கண சூரிய கிரகணத்தின் பாதை அன்று நீலகிரியைத் தாண்டிக் கோவை, திருப்பூர், கரூர், திண்டுக்கல், புதுக்கோட்டை என்று தென்கிழக்காகச் சரிந்து கடலில் இறங்கியது. நம் ஊர் அதற்குள் நன்றாகவே அமைந்திருந்தது. எட்டு மணிக்குச் சற்றுப் பின்னர் சூரியனின் விளிம்பு கடிபடத் தொடங்கிற்று. ஒன்பதரை மணியை ஒட்டி ஏறத்தாழ மூன்று நிமிடம் வானில் ஒரு நெருப்பு வளையம் நின்றது.

எங்கள் பக்கத்தில் வானம் பார்க்கும் சிறு குழு ஒன்று உண்டு. அதற்குப் பெயர்ப்பலகை கிடையாது, பதிவெண்ணும் கிடையாது. இரண்டு பள்ளி ஆசிரியர்கள், ஒரு விசைத்தறிக்காரர், ஒரு மின்பணியாளர், தமிழ் படித்துவிட்டு வானத்தில் மூக்கை நுழைக்கும் நான். சொத்து என்று பார்த்தால் ஒரு சிறு தொலைநோக்கியும் கொஞ்சம் கறுப்புக் கண்ணாடித்தாளும்தான். பள்ளி மைதானத்தில் தொலைநோக்கியின் பின்னே வெள்ளை அட்டையைப் பிடித்துச் சூரியனின் பிம்பத்தை விழவைத்து எல்லோருக்கும் காட்டினோம். வேப்பமரத்தடியில் இலைகளின் இடுக்குகள் வழியே நூற்றுக்கணக்கான வளையங்கள் மண்ணில் விழுந்து காற்றுக்கு ஆடியதைப் பார்த்த பிள்ளைகள் தொலைநோக்கியை மறந்து அங்கேயே நின்றுவிட்டார்கள்.

அதற்கு முதல் நாள் மாலை என் பழைய மாணவி ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாள். ஏழு மாதக் கர்ப்பிணி. "வெளிய வந்து பாக்கலாமுங்களா சார்? வீட்ல விடமாட்டேங்கறாங்க" என்று கேட்டாள். கண்ணைக் காத்துக்கொண்டு பார்த்தால் ஒன்றும் ஆகாது, வயிற்றுப் பிள்ளைக்கும் கிரகணத்துக்கும் தொடர்பே இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். சொன்னேன்தான், ஆனால் சொல்வதற்கு முன் ஒரு கணம் தயங்கினேன். அந்தத் தயக்கம் எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை. அவளை அன்று வெளியே விடவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பாதையில் நிழல் விழுந்தது அன்று முதல் முறையல்ல. 148 ஆண்டுகளுக்கு முன், 1871 டிசம்பர் 12, செவ்வாய்க்கிழமை காலை, இதே மாவட்டங்களின் மேல் நிலவின் முழுநிழல் ஓடியது. அது வளையமாக நிற்காத முழு மறைப்பு. இன்றைய கேரளத்தின் வடகோடியில் பேக்கல் கோட்டை, உதகையின் தொட்டபெட்டா, அவிநாசி, புதுக்கோட்டை, யாழ்ப்பாணம், திருகோணமலை என்று அதன் வழியெங்கும் வானியலாளர் கூடாரமடித்துக் காத்திருந்தனர். வரைபடத்தில் அவிநாசியையும் புதுக்கோட்டையையும் ஒரு கோட்டால் இணைத்துப் பாருங்கள். கோடு வெள்ளகோவிலின் மேலேயே செல்லும். நம் ஊரில் அன்று காலை பகல் இரவானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஏன் இத்தனை கூட்டம்? அதற்கு மூன்றாண்டு முன்னர், 1868 ஆகஸ்ட் 18இல் ஆந்திரக் கடற்கரையில் தெரிந்த முழு மறைப்பின்போதுதான் சூரிய விளிம்பில் எழும் செந்நிறப் பிழம்புகள் வாயுக்களே என்பது நிறமாலைக் கருவியால் உறுதியாயிற்று. பின்னாளில் ஹீலியம் என்று பெயர்பெற்ற மஞ்சள் கோடும் அப்போதே கண்ணில் பட்டது. எஞ்சியிருந்த புதிர், முழு மறைப்பின்போது மட்டும் சூரியனைச் சுற்றித் தெரியும் வெள்ளொளி, அதாவது சூரிய மகுடம். அது சூரியனைச் சேர்ந்ததா, நம் காற்றுமண்டலம் காட்டும் மாயமா என்பதில்கூட ஒருமித்த கருத்து இல்லாத காலம். பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன் நீலகிரியின் சோலூரில் நின்று மகுடத்தின் நிறமாலையில் சூரிய ஒளிக்கே உரிய கருங்கோடுகளைக் கண்டார். லாக்கியர் பேக்கலில் நின்றார். அங்கே ஊர் மக்கள் அசுரனை விரட்டக் காய்ந்த புல்லுக்குத் தீ மூட்ட, புகை கருவிகளை மறைக்குமோ என்று பயந்து காவலர்கள் ஓடிப்போய் அணைத்ததாகப் பயணக் குறிப்புகள் சொல்கின்றன. வெள்ளைக்காரர் ஏட்டில் நம்மவர் பெரும்பாலும் இப்படிப் புகையாகத்தான் தோன்றுகிறார்கள்.

அவிநாசிக்கு வந்தது சென்னை வானாய்வகம். தலைவர் நார்மன் போக்சன். விண்மீன்களின் ஒளித்தரத்தை அளக்க இன்றும் உலகம் பயன்படுத்தும் 2.512 மடங்கு என்ற கணக்கை 1856இல் முன்மொழிந்தவர் அவர்தான். 1861இல் சென்னைக்கு வந்து, 1891இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். சென்னையிலிருந்து ஈரோடு, திருப்பூர் வழியே மேற்குக் கரைக்குச் செல்லும் இருப்புப்பாதை 1862இலேயே முடிந்துவிட்டதால், கண்ணாடியும் பித்தளையுமான கருவிகளை ஏற்றிவர அவிநாசி எளிய இடம். அந்தக் குழுவில் இருந்த ஒருவரைத்தான் நான் உங்களிடம் அழைத்துவர விரும்புகிறேன்: சிந்தாமணி ரகுநாதாச்சாரி.

இவர் கல்லூரி கண்டவர் அல்லர். பஞ்சாங்கக் கணிதம் அறிந்த மரபில் வந்து, இளம்வயதிலேயே சென்னை வானாய்வகத்தில் சேர்ந்து, முதல் உதவியாளராக உயர்ந்தவர். 1862 தொடங்கி 1887 வரை அங்கே எடுத்த அளவைகளிலிருந்து தொகுக்கப்பட்ட 5303 விண்மீன்களின் பட்டியலுக்கு, இரவிரவாகக் கருவியருகே அமர்ந்து உழைத்த கண்களில் முதன்மையானவை இவருடையவை. 1867இல் தென்வானத்து விண்மீன் ஒன்று ஒளி கூடிக் குறைவதை இவர் கண்டுபிடித்தார். ஆர் ரெட்டிகுலி என்று அதற்கு இன்று பெயர். 1868 கிரகணத்துக்கு நிஜாம் நாட்டின் வனபர்த்திக்குத் தனிக்குழுவைத் தலைமையேற்று நடத்திச் சென்றார். அவிநாசிக்கு அடுத்த ஆண்டு, 1872இல், இலண்டன் அரச வானியல் கழகத்தின் உறுப்பினரானார். இந்தியருள் அந்த இடத்துக்கு முதலில் வந்தவர் இவரே. 1880 பிப்ரவரியில் மறைந்தார்.

இவ்வளவும் அலுவல் சார்ந்த பெருமைகள். எனக்கு இவரிடம் பிடித்தது வேறு. 1874 டிசம்பர் 9இல் வெள்ளிக்கோள் சூரியனின் முகத்தைக் கடக்கவிருந்தது. நூறாண்டுக்கு மேலாக நிகழாத காட்சி. ரகுநாதாச்சாரி அதைப் பற்றி ஆங்கிலத்திலும் இந்திய மொழிகள் சிலவற்றிலும் சிறுநூல் எழுதி அச்சிட்டுப் பரப்பினார். அதை ஒரு சித்தாந்திக்கும் வானியலாளருக்கும் இடையிலான உரையாடலாக அமைத்தார். பண்டிதரை அவர் கேலி செய்யவில்லை. உங்கள் கணிதம் உயர்ந்தது, ஆனால் அது வகுக்கப்பட்டு நெடுங்காலம் ஆகிவிட்டது. வானத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள் என்பதே அவர் வாதம். கண்ணால் கண்ட அளவோடு பொருந்தும் திருக்கணிதப் பஞ்சாங்கத்தையும் அவரே கணித்து வெளியிட்டார். அறிவியல் பரப்புநர் என்ற சொல்லே இல்லாத காலத்தில் அந்த வேலையை ஒருவர் எவ்வளவு பண்போடு செய்திருக்கிறார் என்று பாருங்கள். இன்று நம் மேடைகளில் அந்தப் பண்பு குறைவு. 'மூடர்களே' என்று விளித்துத் தொடங்கும் துண்டறிக்கையைக் கொடுத்தால், வாங்கியவர் கதவைச் சாத்திக்கொள்ளாமல் என்ன செய்வார்?

பண்டிதர் கணிதம் உயர்ந்தது என்று அவர் சொன்னது வெறும் உபசாரம் அன்று. சென்னை வானாய்வகத்தில் முன்னர்ப் பணியாற்றிய ஜான் வாரன், 1825இல் 'கால சங்கலிதம்' என்ற பெருநூலை வெளியிட்டார். புதுச்சேரியில் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைக் கொண்டே அவ்வாண்டு மே 31இன் சந்திர கிரகணத்தைத் தமக்குக் கணித்துக் காட்டியதை அதில் பதிந்தார். ஏட்டில் ஒரு எண்கூட எழுதாத கணக்கு. தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிழை. 1952இல் கணிதவியல் வரலாற்றறிஞர் நியூகெபவர் இதை எடுத்து ஆராய்ந்து, பாபிலோனியக் கணக்குமுறையின் சாயல் இதில் உயிரோடு இருப்பதாக எழுதினார். கணித்தவருக்கோ அதன் கோட்பாடு எதுவும் தெரியாது என்று வாரன் சொல்கிறார். விதை நெல்லைப் பத்திரமாக வைத்திருந்தோம், விதைக்கத்தான் மறந்தோம்.

மீண்டும் அவிநாசி. அவ்வூரில் நாயன்மார் சுந்தரர் பாட, முதலை தான் விழுங்கிய பாலகனைத் திரும்ப உமிழ்ந்தது என்பது தலபுராணம். விழுங்கியதைக் கக்கவைத்த அந்த ஊரில் இரண்டு நிமிட அளவுக்குச் சூரியன் விழுங்கப்பட்டுத் திரும்பி வந்தபோது கூடியிருந்த சனம் என்ன பேசிக்கொண்டது? போக்சன் தரப்பில் நேரமும் நிறமாலைக் கோடுகளும் இருக்கின்றன. பக்கத்துத் தோட்டத்தில் ஏர் பூட்டிய குடியானவர் மாட்டை அவிழ்த்துவிட்டாரா, கோயில் நடை அடைத்திருந்ததா, ஆச்சாரியிடம் யாராவது ஓர் உள்ளூர்ப் பஞ்சாங்கக்காரர் வந்து வாதிட்டாரா? நான் அவிநாசித் தேர்வீதியில் சில முதியவர்களிடம் விசாரித்துப் பார்த்தேன். அப்படியொன்று நடந்ததாகவே அவர்கள் கேள்விப்பட்டதில்லை. சங்கப்பாடலிலேயே மதியைப் பாம்பு விழுங்குவது உவமையாக வருகிறது. கணியன் என்பது நம் புலவர் ஒருவரின் பெயரோடு சேர்ந்த சொல். ஆனால் தம் ஊரின் தலைக்குமேல் நடந்ததை ஒருவரி எழுதிவைக்கும் பழக்கம் நமக்கு இல்லாமல் போயிற்று.

என் தயக்கத்துக்கு வருகிறேன். 1980 பிப்ரவரி 16 பிற்பகலில் கர்நாடகம், ஆந்திரம் வழியே ஒரு முழு மறைப்புப் பாதை சென்றது. நம் பக்கத்தில் முக்கால் பங்குக்கும் மேல் மறைந்தது. இந்தியாவின் நகரங்களில் தெருக்கள் வெறிச்சோடிய நாள் அது. என்னை வயிற்றில் சுமந்திருந்த அம்மாவை, அமுச்சி ஓட்டு வீட்டின் உள்ளறையில் அடைத்து, சன்னலைச் சாக்கால் மூடி, வாசலில் தட்டு நீரில் உலக்கையை நிறுத்திவைத்தார். (உலக்கை எந்த நாளிலும் நிற்கும், அடிப்பூண் சமமாக இருந்தால். நாங்கள் சாதாரண நாளொன்றில் பிள்ளைகளுக்கு நிறுத்திக் காட்டியிருக்கிறோம்.)

2019இல் அம்மா மைதானத்துக்கு வரவில்லை. கிரகணம் விட்டுக் குளித்தபின் பதினொன்றரை மணிக்கு நான் எடுத்துப்போன நிழற்படத்தைக் காட்டினேன், வேப்பமரத்தடி வளையங்கள். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தவர் சொன்னார்: "ஏங்கண்ணு, இதத்தான நான் அப்பவே பாத்தேன். இது முழுசா இருக்குது. அன்னிக்குப் பெற பெறயா இருந்துச்சு."

ஓட்டு இடுக்குகளின் வழியே வந்த ஒளி இருண்ட அறையின் சுவரில் பிறைகளாக விழுந்திருக்கிறது. இருட்டறையும் ஊசித்துளையும் சேர்ந்தால் கிரகணம் பார்க்க அதைவிடப் பாதுகாப்பான கருவி கிடையாது. ஊரே பார்க்கக்கூடாது என்று ஒளித்துவைத்த பெண், அந்த ஊரில் மிக நன்றாகப் பார்த்தவளாக இருந்திருக்கிறாள். பயந்துபோய்ச் சுவர்ப்பக்கம் முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டாராம். யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று வைத்தியரிடம் இழுத்துப் போவார்கள் என்ற அச்சம். நான் ஊனமின்றிப் பிறந்தும் முப்பத்தொன்பது ஆண்டுகள் அந்தக் காட்சி அவருக்குள்ளேயே கிடந்தது. 1871இல் அவிநாசியின் ஓட்டு வீடுகளுக்குள் எத்தனை பேர் இப்படிப் பார்த்திருப்பார்கள் என்று அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அதன்பின் எங்கள் குழுவின் நடைமுறையில் ஒரு மாற்றம் செய்தோம். மைதானத்துக்கு வா என்று அழைப்பதோடு, வரமுடியாதவர்களுக்கு வீட்டுக்குள்ளேயே சுவரில் சூரியனை விழவைக்கும் முறையையும் சொல்லிக்கொடுக்கிறோம். ஓர் அட்டை, ஓர் ஊசி போதும். கிரகணம் இல்லாத ஆண்டுகளில் ஏப்ரல் 18, 19 வாக்கிலும் ஆகஸ்ட் 24, 25 வாக்கிலும் நண்பகல் 12.20ஐ ஒட்டி வெள்ளகோவிலில் செங்குத்தாய் நட்ட கம்பிக்கு நிழல் இல்லாமல் போகும். அதைப் பார்க்க இப்போது பெண்கள்தாம் அதிகம் வருகிறார்கள். வந்தவர் சொல்வதை நான் ஒரு நோட்டில் தேதியிட்டு எழுதிவைக்கிறேன். முதல் பக்கத்தில் அம்மாவின் பிறைகள்.

2031 மே 21இல் அடுத்த கங்கண கிரகணம் மதுரை வழியாகப் போகிறது. நம் ஊருக்கு வளையம் கிடைக்காது, பிறைதான். அம்மா இப்போதே கேட்டுவைத்திருக்கிறார், மதுரைக்குக் காரில் போனால் எவ்வளவு நேரமாகும் என்று.