மாவாட்டும் எந்திரம்: ஆட்டுக்கல்லிலிருந்து கிரைண்டர் வரை

ஊறவைத்த அரிசி, உளுந்து ஆகியவற்றை நீர் சேர்த்து மாவாக அரைக்கும் மின்கருவி மாவாட்டும் எந்திரம் ஆகும். இது மக்கள் வழக்கில் கிரைண்டர் எனப்படுகிறது. கோயம்புத்தூரைச் சேர்ந்த பி. சபாபதி 1955-ஆம் ஆண்டில் இதனை உருவாக்கினார். ஒவ்வொரு குறையும் தெரியவரத் தெரியவர, அதைச் சரிசெய்யும் முயற்சியால் இக்கருவி இன்றைய வடிவத்தை அடைந்தது.

ஆட்டுக்கல்லும் உழைப்பும்

கிரைண்டருக்கு முன்னோடி ஆட்டுக்கல். நடுவில் குழியுடைய கல் அசையாமல் இருக்கும்; குழிக்குள் நிற்கும் குழவியைக் கையால் சுற்ற வேண்டும். வலக்கை குழவியைச் சுற்ற, இடக்கை மாவைத் தள்ளிவிடும். உளுந்து பொங்கி வர நெடுநேரம் ஆகும். கல் தேய்ந்து வழுவழுப்பானால் மாவு சரியாக அரைபடாது. அப்போது தெருவில் வரும் கல் கொத்துபவரை அழைத்து உளியால் கொத்தி வைப்பார்கள்.

பெரம்பலூர், அரியலூர் போன்ற மானாவாரிப் பகுதிகளில் பகல் முழுவதும் காட்டுவேலை செய்த பெண்களே இரவிலோ விடியற்காலையிலோ மாவாட்ட வேண்டியிருந்தது. கம்பு, வரகு, சோளம் ஆகியவையே அன்றாட உணவாக இருந்தன. தீபாவளி, பொங்கல் போன்ற நாள்களில்தான் பல வீடுகளில் இட்லி அவித்தார்கள். அரிசியும் உளுந்தும் வாங்கும் வசதிக் குறைவோடு, ஆட்டும் உழைப்பும் இதற்கு ஒரு காரணம்.

அரைக்கும் கல் எதுவாக இருந்தாலும் போதும் என்பதில்லை. அரியலூர் வட்டாரத்தில் மிகுதியாகக் கிடைக்கும் சுண்ணாம்புக்கல் சிமெண்டுக்கு ஏற்றது. ஆனால் மென்மையானது, எளிதில் தேய்ந்து மாவில் கலந்துவிடும். எனவே கடினமான கருங்கல்லே ஆட்டுக்கல்லுக்கு உரியது. கிரைண்டர் வந்த பின்னும் இந்தத் தேவை மாறவில்லை.

கோயம்புத்தூரில் ஏன்?

பஞ்சாலைகளால் வளர்ந்த கோயம்புத்தூரில் வார்ப்படப் பட்டறைகளும் கடைசல் பட்டறைகளும் பெருகியிருந்தன. 1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் அங்கு வந்தது. இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் 1937-இல் அந்நகரில்தான் உருவானது, ஜி. டி. நாயுடு, டி. பாலசுந்தரம் நாயுடு ஆகியோரின் முயற்சி அது. மோட்டார், வார்ப்பு, கல் வேலை ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்ததால் ஒரு கருவியைச் செய்து பார்ப்பதும், சரிவராவிட்டால் மாற்றிச் செய்வதும் எளிதாயின.

அசைவது எது, நிற்பது எது?

கையின் அசைவை அப்படியே எந்திரமாக்க வேண்டுமானால் கனமான குழவியை மேலிருந்து பிடித்துச் சுழற்ற வேண்டும். அதற்கான பற்சக்கரங்கள் மாவுக்கு மேலே அமையும். எண்ணெயும் அழுக்கும் மாவில் விழக்கூடும். அரிசியைப் போடவும் மாவை அள்ளவும் இடம் இருக்காது.

கிரைண்டரில் இது தலைகீழாக்கப்பட்டது. குழவி ஓரிடத்தில் பிடித்து நிறுத்தப்படுகிறது. அடிக்கல்லுடன் கூடிய பாத்திரம் சுழல்கிறது. உராய்வினால் குழவி நின்ற இடத்திலேயே உருளும். மோட்டாரும் வார்ப்பட்டையும் கீழே மறைந்துவிடுவதால் மேற்பகுதி திறந்திருக்கும். பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டும் மாவை ஒரு தகடு வழித்து மீண்டும் கல்லுக்கு அடியில் தள்ளும். இடக்கை செய்த வேலையை இந்தத் தகடு ஏற்றுக்கொண்டது.

அடுத்த சிக்கல் வேகம். மோட்டார் மிக விரைவாகச் சுழலும். அதே வேகத்தில் கல் சுழன்றால் மாவு சிதறும், சூடேறும். எனவே சிறிய கப்பியிலிருந்து பெரிய கப்பிக்கு வார்ப்பட்டையை இணைத்து வேகம் குறைக்கப்பட்டது. மிக்சியின் கத்தி நிமிடத்திற்குப் பல்லாயிரம் முறை சுழன்று வெட்டுகிறது. கிரைண்டரின் கல் மெதுவாக நசுக்கி அரைக்கிறது. இதனால் மாவு அதிகம் சூடாகாமல், காற்றை ஏற்று உப்பி, நன்றாகப் புளிக்கிறது.

சாய்க்கும் கிரைண்டரும் மேசைக் கிரைண்டரும்

தொடக்ககாலக் கிரைண்டரில் அரைத்த மாவைக் கையால்தான் அள்ள வேண்டும். கழுவிய நீரை வெளியேற்றுவதும் கடினம். பாத்திரத்தை அச்சில் பொருத்திச் சாய்க்கும்படி செய்ததும் இந்தத் தொல்லை நீங்கியது. உணவகங்களும் திருமணச் சமையலாளர்களும் இவ்வகையை விரும்பினார்கள்.

சிறு வீடுகளுக்கு அதுவும் பெரிதாக இருந்தது. அதற்கு விடையாக மேசைக் கிரைண்டர் வந்தது. ஒரே பெரிய குழவிக்குப் பதிலாக இரண்டு அல்லது மூன்று சிறிய உருளைக் கற்கள் இதில் உண்டு. எல்ஜி அல்ட்ரா போன்ற நிறுவனங்கள் கூம்பு வடிவக் கற்களைப் பயன்படுத்தின. சுழலும் அடிக்கல்லின் வெளி ஓரம் உட்புறத்தைவிட விரைவாக நகரும். உருளையின் வெளிப்பக்கம் பருத்தும் உட்பக்கம் சிறுத்தும் இருந்தால் இரண்டு பக்கமும் வழுக்காமல் ஒரே சீராக உருளும். பாத்திரத்தைத் தனியே தூக்கிக் கழுவவும் முடிகிறது.

புவிசார் குறியீடு

'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' 2005-06-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. ஊத்துக்குளி வட்டாரக் கருங்கல்லும் கோயம்புத்தூர்ப் பட்டறைகளின் கைத்திறனும் இதன் சிறப்பாகும். புவிசார் குறியீடு தனியொருவருக்கு உரிய காப்புரிமை போன்றதன்று. ஓர் ஊரின் பல தலைமுறைத் தொழிலாளர்கள் சேர்ந்து திருத்தி வளர்த்த கருவிக்கு இந்த உரிமை பொருத்தமானதே.

வீடுகளில் நேர்ந்த மாற்றம்

தமிழ்நாடு அரசு 15 செப்டம்பர் 2011 அன்று விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. குடும்ப அட்டை வழியாகச் சிற்றூர்களுக்கும் மேசைக் கிரைண்டர் சென்றது. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் எளிய வீடுகளிலும் இட்லியும் தோசையும் பண்டிகைப் பலகாரம் என்ற நிலை மாறியது. 2012-இல் நீண்ட மின்வெட்டு நிலவியபோது, கொல்லைப்புறத்தில் கிடந்த ஆட்டுக்கல்லைக் கழுவி எடுத்த வீடுகளும் உண்டு.

கல் கொத்துபவரின் குரல் தெருக்களில் அரிதாகிவிட்டது. அவருடைய வேலை மட்டும் தீர்ந்துவிடவில்லை. கிரைண்டரின் கல்லும் தேயும், அதையும் கொத்தத்தான் வேண்டும்.