அமெரிக்க முதியோர் பராமரிப்பு இல்லங்களில் மறுவாழ்வு சிகிச்சை

நோய், விபத்து, முதுமை ஆகியவற்றால் குன்றிய உடல் இயக்கத்தை மீட்கவும், எஞ்சியிருப்பதைத் தக்கவைக்கவும் அமெரிக்க முதியோர் பராமரிப்பு இல்லங்களில் அளிக்கப்படும் சிகிச்சைகள் மறுவாழ்வு சிகிச்சை என்ற பெயரால் குறிக்கப்படுகின்றன. பிசியோதெரபி, அன்றாடச் செயல்களைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி, பேச்சு மற்றும் விழுங்கல் சிகிச்சை ஆகிய மூன்றும் இதன் பிரிவுகள்.

சிகிச்சை பெறுவோர் இரு வகையினர். இடுப்பெலும்பு முறிவு, பக்கவாதம் போன்றவற்றுக்காக மருத்துவமனையில் இருந்துவிட்டு, சில வாரங்களில் வீடு திரும்பும் எண்ணத்தோடு வருவோர் ஒரு வகை. இல்லமே வீடாகிவிட்டவர்கள் இன்னொரு வகை. இருவரும் பயிற்சிக்கூடத்தில் ஒரே கம்பிகளைப் பிடித்து நடந்தாலும், அவர்களுக்கான செலவை ஏற்கும் விதிகள் வேறு வேறு.

பயிற்சிகளில் பெரும்பாலானவை பார்வைக்கு மிகச் சாதாரணமானவை. நாற்காலியிலிருந்து எழுவதையே எடுத்துக்கொள்ளலாம். நோயாளியின் இடுப்பில் அகலமான பட்டை ஒன்று கட்டப்படும். சிகிச்சையாளர் பிடித்துக்கொள்வது அதைத்தான். அக்குளில் கைகொடுத்துத் தூக்கினால் தோள்மூட்டு பிசகக்கூடும். நோயாளி இருக்கையின் விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களைப் பின்னிழுத்து, தலை பாதங்களுக்கு மேலே வரும்வரை முன்னே சாய்ந்து, கைப்பிடிகளை அழுத்தி எழ வேண்டும். எதிரே நிற்கும் வாக்கரைப் பிடித்து எழப் பார்த்தால் வாக்கரும் ஆளும் சேர்ந்து சாய்வார்கள். எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால், அவர் கீழே விழும் அபாயம் உள்ளவராகக் கருதப்படுகிறார்.

ஆக்குபேஷனல் தெரபி குளியலறையையும் உடையையும் சார்ந்தது. பக்கவாதம் வந்தவர் சட்டை போடும்போது பலவீனமான கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும். பேச்சு சிகிச்சையாளரின் நேரத்தில் பெரும்பகுதியைப் பேச்சைவிடப் புரையேறுதலே எடுத்துக்கொள்கிறது. விழுங்கும் தசைகள் தளர்ந்தவர்களுக்குத் தண்ணீரே ஆபத்தான உணவு. மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியாவில் கொண்டுவிடும். அதனால் நீரில் மாவு கலந்து கெட்டியாக்கிக் கொடுப்பார்கள். அதை விரும்பிக் குடிப்பவர் அரிது.

தொண்ணூறு வயதில் பயிற்சி என்ன பயன் தரும் என்ற கேள்விக்குப் பாஸ்டன் நகரின் ஹீப்ரூ மறுவாழ்வு மையத்தில் பதில் கிடைத்தது. மரியா ஃபியாட்டரோனும் குழுவினரும் 1990இல் வெளியிட்ட ஆய்வில், அங்கிருந்த பத்து முதியவர்கள் எட்டு வாரம் கால்களுக்கு எடைப்பயிற்சி செய்தனர். பயிற்சியை முடித்தவர்களின் தொடைத்தசை வலிமை சராசரியாக 174 சதவீதம் உயர்ந்தது. 1994இல் நூறு பேரிடம் செய்த பெரிய ஆய்வும் இதை உறுதிசெய்தது. பயிற்சியில்லாமல் சத்துப்பானம் மட்டும் கொடுத்ததில் குறிப்பிடத்தக்க பலன் இல்லை.

அறிவியல் இப்படித் தெளிவாக இருக்க, யாருக்கு எவ்வளவு சிகிச்சை என்பதை அதிகம் தீர்மானித்தது பணம் தரும் முறைதான். 1965இல் பிறந்த மெடிகேர் காப்பீடு, மருத்துவமனையில் குறைந்தது மூன்று நாள் உள்நோயாளியாக இருந்தவருக்கு, ஒரு பயன்பாட்டுக் காலத்தில் 100 நாள் வரை இல்லச் செலவை ஏற்கிறது. முதல் 20 நாளுக்கு நோயாளி எதுவும் தர வேண்டியதில்லை. அதன்பின் அவர் தர வேண்டியது 2025இல் தினம் 209.50 டாலராக இருந்தது. மருத்துவமனைப் படுக்கையிலேயே கிடந்தாலும் 'கண்காணிப்பில்' எனப் பதியப்பட்ட நாட்கள் அந்த மூன்றில் சேராது என்பது பல குடும்பங்களுக்குக் கட்டணச் சீட்டு வந்த பிறகே தெரிகிறது.

இல்லவாசி ஒவ்வொருவரும் எட்டக்கூடிய மிக உயர்ந்த உடல், மன நலத்தை அடைய உதவ வேண்டும் என்று 1987ஆம் ஆண்டுச் சட்டம் கட்டளையிட்டது. ஆனால் 1998இல் வந்த மெடிகேர் கட்டண முறை சிகிச்சை நிமிடங்களுக்கு விலை வைத்தது. வாரம் 720 நிமிடம் எட்டினால் உச்சக் கட்டணம். விளைவு எதிர்பார்க்கக்கூடியதே: உச்சப் பிரிவுக் கணக்குகளில் ஏராளமானவை 720க்கும் 730க்கும் இடையில் வந்து நின்றன. களைத்துக் கிடப்பவரையும் எழுப்பி நிமிடம் நிரப்பியதாகக் குற்றச்சாட்டுகள் எழுந்தன. தேவையற்ற சிகிச்சைக்குப் பணம் கோரியதான வழக்கில் லைஃப் கேர் சென்டர்ஸ் ஆஃப் அமெரிக்கா நிறுவனம் 2016இல் 14.5 கோடி டாலர் தர இசைந்தது.

2019 அக்டோபர் 1 முதல் நிமிடக் கணக்கு கைவிடப்பட்டு, நோயாளியின் நிலையைப் பார்த்துத் தொகை தரப்படுகிறது. உடனே காற்று எதிர்த்திசையில் அடித்தது. சிகிச்சை நிமிடங்கள் குறைந்தன, சிகிச்சையாளர்கள் பலர் வேலையிழந்தனர். ஒரே மாதத்தில் முதியவர்களின் தேவை அவ்வளவு குறைந்திருக்க முடியாது. இந்தக் குறைப்பு தனிச் சிகிச்சையை விழுங்கிவிடாதபடி, பலரைச் சேர்த்து நடத்தும் அமர்வுகள் ஒவ்வொரு பிரிவிலும் சிகிச்சை நேரத்தில் 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற வரம்பு உள்ளது.

நிரந்தரவாசிகளின் தங்கும் செலவைப் பெரும்பாலும் வறியோருக்கான மெடிகெய்டு ஏற்கிறது. அவர்களின் சிகிச்சைக்கு மெடிகேரின் 'பி' பிரிவு பொதுவாக 80 சதவீதம் தருகிறது. 'இனி முன்னேற்றம் இல்லை' என்று சொல்லிச் சிகிச்சையை நிறுத்துவது நெடுநாள் வழக்கமாக இருந்தது. வெர்மான்ட் மாநிலத்தில் தொடுக்கப்பட்ட ஜிம்மோ வழக்கின் உடன்பாடு 2013 ஜனவரியில் நீதிமன்ற ஒப்புதல் பெற்றபோது இது மாறியது. நிலை மோசமாகாமல் காக்கவும், தேர்ந்த சிகிச்சையாளரின் திறன் தேவைப்படும்வரை, காப்பீடு உண்டு என்பது உறுதியானது. இருந்தும் பழைய காரணம் இல்லங்களில் இன்னும் காதில் விழுகிறது. அதை எதிர்க்க வழி உண்டு: மெடிகேர் ஏற்கும் சேவை முடிவதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பு எழுத்தில் அறிவிப்பு தர வேண்டும். முடியும் நாளுக்கு முந்தைய நாள் நண்பகலுக்குள் சுதந்திரமான மறு ஆய்வு அமைப்பிடம் விரைவு மேல்முறையீடு செய்யலாம்.